இலவம்பாடி முள் கத்திரி: விதையிலிருந்து விதை வரை

நான் வேலூர்க்காரி. அதனால் இலவம்பாடி முள் கத்திரி விஷயத்தில் என்னிடம் நடுநிலையை எதிர்பார்க்காதீர்கள். அணைக்கட்டுப் பக்கம் இருக்கும் இலவம்பாடியின் பெயரில் வழங்கும் இந்த ரகத்துக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. தண்டு, இலை, காம்பு எல்லாவற்றிலும் முள். பறிக்கும்போது கையைக் குத்தத்தான் செய்யும். எண்ணெய்க் கத்திரிக்காய் செய்து ஒருமுறை சாப்பிட்டுவிட்டால் முள்ளைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள். உங்கள் ஊரில் மணப்பாறைக் கத்திரியோ பொய்யூர்க் கத்திரியோ கிடைத்தால் அதையே போடுங்கள், வளர்க்கும் முறை ஒன்றுதான்.

முதலில் விதை. பாக்கெட்டில் எஃப்1 என்று அச்சிட்டிருந்தால் அது வீரிய ஒட்டு ரகம். நன்றாகவே காய்க்கும், ஆனால் அதன் காயிலிருந்து எடுக்கும் விதை தாய்ச்செடி மாதிரி வராது. நாட்டு விதையை விவசாயியிடமோ விதைத் திருவிழாவிலோ வாங்குங்கள். எந்த வருடத்து விதை என்று கட்டாயம் கேளுங்கள்.

ஆடிப்பட்டம் நல்லது. மார்கழி, தையிலும் விதைக்கலாம், குளிரில் முளைப்பு கொஞ்சம் தாமதமாகும், அவ்வளவுதான். சித்திரை வெயிலில் எங்கள் ஊர் மாடியில் நாற்று விடுவது வீண் வேலை.

விதையைச் சூடோமோனாஸ் (நோயைத் தடுக்கும் நன்மை செய்யும் பாக்டீரியா) கலந்த தண்ணீரில் அரைமணி நேரம் ஊறவைத்து, நிழலில் ஈரம் போக உலர்த்துங்கள். குழித்தட்டில் தென்னைநார்க் கழிவும் மண்புழு உரமும் சரிபாதி நிரப்பி, குழிக்கு இரண்டு விதை போட்டு, விதை மறையும் அளவுக்கு மேலே தூவினால் போதும். 5 முதல் 10 நாளில் முளைக்கும். பூவாளியில்தான் தண்ணீர் ஊற்ற வேண்டும். மேல்பரப்பு காயாமலே ஊற்றிக்கொண்டிருந்தால் நாற்று அடித்தண்டில் அழுகிச் சாய்ந்துவிடும்.

30–35 நாளில் நாலைந்து இலை வந்திருக்கும். சாயங்காலமாக எடுத்து நடுங்கள். மாடியில் என்றால் 15 அங்குலப் பைக்கு ஒரு செடி, தரையில் என்றால் 2 அடி இடைவெளி. செம்மண், மக்கிய தொழு உரம், ஒரு கைப்பிடி வேப்பம்புண்ணாக்கு. முன்பு தக்காளி, மிளகாய், கத்திரி இருந்த மண்ணை மட்டும் தவிர்த்துவிடுங்கள். எல்லாம் ஒரே குடும்பம், ஒன்றின் வாடல் நோய் மண்ணில் காத்திருந்து அடுத்ததைப் பிடிக்கும்.

பூ கொட்டுகிறது என்று புலம்பாத கத்திரிக்காரர் இல்லை. உடனே எதையாவது வாங்கித் தெளிப்பதற்கு முன், பூவைக் கையில் எடுத்துப் பாருங்கள். நடுவிலிருக்கும் சூல்தண்டு மஞ்சள் மகரந்தப் பைகளைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அது காய்க்கும் பூ. உள்ளேயே குட்டையாக இருந்தால் பெரும்பாலும் கொட்டிவிடும். எல்லாப் பூவும் காயாகாது, அது செடியின் வழக்கம்.

கத்திரியின் உண்மையான எதிரி தண்டு, காய்த் துளைப்பான். மரபணு மாற்றிய பி.டி. கத்திரியைக் கொண்டுவர முயன்றதே இந்தப் புழுவுக்காகத்தான். 2010-இல் மத்திய அரசு அதை நிறுத்திவைத்தது. அதே புழு நம் மாடிக்கும் வரும். முதலில் இளந்தண்டில் புகும், கொழுந்து மட்டும் வாடித் தொங்கும். காலையில் அப்படி ஒரு நுனியைக் கண்டால், தண்ணீர் போதவில்லையோ என்று யோசித்து நிற்காமல் வாடிய இடத்துக்குக் கீழே கிள்ளி நசுக்குங்கள். மண்ணில் போடாதீர்கள், புழு அங்கேயே கூட்டுப்புழுவாகிவிடும். துளை விழுந்த காயையும் அன்றே பறித்து அப்புறப்படுத்துங்கள். வேப்பெண்ணெயைக் கொஞ்சம் சோப்புக் கரைசலில் கலந்து வாரம் ஒருமுறை தெளிக்கலாம். ஆனால் புழு உள்ளே போனபிறகு எண்ணெயால் பெரிய பயனில்லை. நுனி கிள்ளுவதுதான் வைத்தியம். இலையைச் சல்லடையாக்கும் புள்ளி வண்டுக்கு, இலையின் அடியில் கொத்தாக இருக்கும் மஞ்சள் முட்டைகளை நசுக்கினால் போதும்.

இலைகள் சின்னச் சின்னதாக, குப்பையாகக் கூடி வந்தால் அது சிற்றிலை நோய். மருந்து தேடாமல் பிடுங்கி எறியுங்கள். தத்துப்பூச்சி அதைப் பக்கத்துச் செடிக்கும் கொண்டுபோகும்.

நாட்டு ரகம் வளர்ப்பவர்கள் பலர் கோட்டைவிடுவது இதற்குப் பிறகுதான். நல்ல காயையெல்லாம் குழம்புக்குப் பறித்துவிட்டு, கடைசியில் ஓய்ந்துபோன செடியில் முற்றிக் கிடக்கும் சொத்தைக் காயை விதைக்கு விடுகிறார்கள். தலைகீழாகச் செய்யுங்கள். பூக்கத் தொடங்கும்போதே நோயில்லாத, ரகத்தின் குணம் தெளிவாகத் தெரியும் ஒரு செடியைத் தேர்ந்து கயிறு கட்டிவிடுங்கள். கத்திரி பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே காய்க்கும், ஆனாலும் வண்டும் தேனீயும் வேறு ரகத்தைக் கலந்துவிடும். பக்கத்தில் வேறு கத்திரி இருந்தால், மலராத மொட்டுக்கு மெல்லிய துணிப்பை கட்டி, மலர்ந்தபின் தினமும் காலையில் காம்பை லேசாகச் சுண்டிவிடுங்கள். பிஞ்சு பிடித்ததும் பையை எடுத்துவிட்டு, அந்தக் காம்பில் நூல் கட்டிவையுங்கள்.

அந்தச் செடியில் இரண்டு மூன்று காய் போதும். ஊதா நிறம் போய் மஞ்சளாகும் வரை தொடாதீர்கள். பறித்துச் சில நாள் நிழலில் வைத்தால் மெத்தென்றாகும். அறுத்து, விதையைத் தண்ணீரில் பிசைந்து விடுங்கள். மிதப்பது பதர், அடியில் தங்குவதை எடுத்துக்கொள்ளுங்கள். என் மாமியார் சாம்பலில் புரட்டி நிழலில் காயவைப்பார். நானும் அப்படியே செய்கிறேன், பூச்சி அண்டுவதில்லை.

நன்றாகக் காய்ந்த விதை, காற்றுப் புகாத பாட்டிலில் மூன்று நான்கு வருடம் தாங்கும். ரகம், மாதம், வருடம் எழுதி அன்றைக்கே ஒட்டிவிடுங்கள். முள் கத்திரி விதையும் வெள்ளைக் கத்திரி விதையும் பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும்.