பழைய பிக்கப்புக்குப் புது மொடல் முன் அக்சில்: எங்கே பிழை விடுகிறோம்

2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் வாகனங்களுக்குத் திரும்பத் திறக்க 2025 பெப்ரவரி ஆகிவிட்டது, திறந்த பிறகும் வரியைக் கேட்டால் தலை சுற்றுகிறது. அதனால் வன்னியில் பழைய போர்வீல் (நாலு சில்லும் இழுக்கிற) பிக்கப் வைத்திருக்கிற ஆட்கள் லேசில் அதைக் கைவிடமாட்டார்கள். முன் அக்சில் தேய்ந்துபோனால் கொழும்பு பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் புது மொடலின் அக்சில் ஒன்றைத் தேடிப் பிடித்துப் போடலாமே என்றுதான் யோசனை ஓடும். போடலாம், பிழையில்லை. ஆனால் அக்சிலின் விலையை மட்டும் பேசி முடித்துவிட்டு, வண்டியின் மற்றச் சாமான்களோடு அது ஒத்துப்போகுமா என்பதைக் கராஜில் கொண்டுவந்து இறக்கிய பிறகு பார்க்கிறோமே, காசு கரைவது அங்கேதான்.

ரொயோட்டா லான்ட் குரூசர் 75 பிக்கப்பை எடுத்துக்கொள்ளுங்கள். முன்னும் பின்னும் லீப் (தட்டு) ஸ்பிரிங், சில்லுக்கு ஆறு நட். 1999இல் வந்த 79இல் முன்பக்கம் கொயில் (சுருள்) ஸ்பிரிங், சில்லுக்கு ஐந்து நட். 79இன் அக்சிலை 75க்குப் போட்டால் முன்னுக்கு ஒரு சில்லு, பின்னுக்கு வேறு சில்லு, ஆக இரண்டு ஸ்பெயார் காவ வேண்டும். மாங்குளம் ஒட்டுசுட்டான் றோட்டில் இரவில் ரயர் காற்றுப் போய், பின்னால் கட்டியிருக்கிற ஸ்பெயார் முன்னுக்கு ஏறாது என்பதை ரோச் வெளிச்சத்தில் கண்டுபிடிக்கிற நிலை யாருக்கும் வேண்டாம். 2007இல் வி8 என்ஜினோடு வந்த 79இன் முன் அக்சில் இன்னும் அகலம், அந்த வண்டியின் சொந்தப் பின் அக்சிலைவிடவே பத்து சென்ரிமீற்றருக்குக் கிட்டக் கூட. பழைய மட்கார்ட்டுக்குள் அது அடங்காது.

இதெல்லாம் கண்ணுக்குத் தெரிகிற பிழைகள். கண்ணுக்குத் தெரியாதது டிஃப்பின் (அக்சில் நடுவில் இருக்கிற டிஃபரன்ஷியலின்) பல்லு விகிதம், அதாவது சில்லு ஒரு சுற்றுச் சுற்ற புறோப்பல்லர் ஷாப்ட் எத்தனை சுற்றுச் சுற்றுகிறது என்பது. பழைய 75இல் 4.11 இருக்கும், வி8 79இல் 3.90. கேட்டால் சின்ன வித்தியாசம்தானே என்று தோன்றும். ஆனால் இந்தப் பிக்கப்புகளில் முன்னுக்கும் பின்னுக்கும் நடுவில் வித்தியாசத்தை விழுங்க வேறு டிஃப் கிடையாது, போர்வீலைப் போட்டதும் இரண்டு அக்சிலும் ஒன்றாகப் பூட்டப்படும். ஐந்து வீத வித்தியாசம் என்றால் ஒவ்வொரு மீற்றருக்கும் ஐந்து சென்ரிமீற்றர் ஏதோ ஒரு ரயர் வழுக்கியே ஆக வேண்டும். மாரியில் வயல் சேற்றில் ரயர் தானாக வழுக்கிவிடும், ஆகவே ஒன்றும் தெரியாது, “சூப்பராக ஓடுது அண்ணை” என்பார்கள். பிறகு அதே போர்வீலைக் கழற்ற மறந்து ஏ9இல் ஏறினால் ஸ்ரியறிங் இறுகும், போர்வீல் லீவர் வெளியே வராது, கடைசியில் ட்ரான்ஸ்பர் கேஸ் (இரண்டு அக்சிலுக்கும் இழுவையைப் பிரிக்கிற பெட்டி) உடையவும் கூடும்.

கடைக்காரர் சொல்வதை நம்பாமல் எண்ணிப் பாருங்கள், அரை மணித்தியால வேலைகூட இல்லை. அக்சிலின் இரண்டு பக்க ஹப் லொக்கையும் (சில்லை அக்சில் ஷாப்ட்டோடு இணைக்கிற பூட்டு) போடுங்கள். ஒரு பக்க ஹப்பை ஒருவர் கம்பி கொடுத்து அசையாமல் பிடிக்கட்டும், மற்றதை நீங்கள் இருபது சுற்றுச் சுற்றுங்கள், புறோப்பல்லர் ஷாப்ட் பூட்டுகிற பிளான்ஜில் சோக்கால் ஒரு கோடு போட்டு அது எத்தனை முறை சுற்றுகிறது என்று இன்னொருவர் எண்ணட்டும். ஒரு பக்கம் நின்றால் டிஃப் பாதிதான் சுற்றும், அதனால்தான் இருபது, கணக்குக்கு அது பத்துச் சுற்று. நாற்பத்தொன்று வந்தால் 4.11, முப்பத்தொன்பது வந்தால் 3.90. பிறகு உங்கள் பின் அக்சிலுக்கும் இதையே செய்து பாருங்கள், அதுவும் யாரோ முன்பு மாற்றிப் போட்டதாக இருக்கலாம்.

அடுத்தது வெல்டிங். எங்கள் பக்கம் ரக்ரர் பெட்டி ஒட்டிப் பழகிய கைகள், எதையும் ஒட்டித் தருவார்கள், அதுதான் சிக்கல். கொயில் பிராக்கற்றுகளை வெட்டி எடுத்துவிட்டு லீப் ஸ்பிரிங் தட்டை அக்சில் குழாயில் வைத்து ஒரே மூச்சில் முழுதாக ஒட்டினால் சூட்டில் குழாய் வளையும், உள்ளே சீல் ஒருபக்கமாகத் தேயும். முதலில் புள்ளி புள்ளியாக ஒட்டி, அக்சிலை வண்டியில் பூட்டி, சில்லு போட்டு, வண்டியின் முழுப் பாரத்தையும் நிலத்தில் இறக்கிவிட்டுத்தான் கோணம் பார்க்க வேண்டும். ஜக்கில் தொங்கும்போது பார்த்த கோணம் கோணமே இல்லை. நக்கிளின் (முன் சில்லைத் திருப்புகிற மூட்டின்) மேல் பெயாரிங் கீழ்ப் பெயாரிங்கைவிட இரண்டு மூன்று பாகை பின்னுக்குச் சாய்ந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஸ்ரியறிங் நேரே நிற்காது, அறுபதில் போகும்போது ஒரு பள்ளத்தில் விழுந்தால் முன்பக்கம் முழுதும் ஆடத் தொடங்கும். இங்கே ஒரு பொறி இருக்கிறது: புறோப்பல்லர் ஷாப்ட் நேராக வரட்டும் என்று டிஃப்பின் மூக்கை (ஷாப்ட் பூட்டுகிற பக்கத்தை) மேலே தூக்கினால் அந்தச் சாய்வு குறைந்துவிடும். இரண்டும் ஒரே குழாயில் இருப்பதால் ஒன்றைத் திருப்ப மற்றது கெடும். சாய்வை விட்டுக்கொடுக்காதீர்கள், ஷாப்ட்டுக்கு வேறு வழி பாருங்கள். ஸ்ரியறிங் றொட் கட்டையாக இருக்கிறது என்று நடுவில் வெட்டி ஒட்டி நீட்டுகிற ஆட்களும் உண்டு. அந்த வண்டியில் நான் ஏறமாட்டேன்.

பிறேக் பற்றிச் சுருக்கமாக. புது அக்சிலின் கலிப்பர் (பிறேக் தட்டைப் பிடிக்கிற சாமான்) பெரிது, அதற்கு எண்ணெய் கூடப் போக வேண்டும், பெடலை மிதிக்க எண்ணெயைத் தள்ளுகிற மாஸ்ரர் சிலிண்டர் பழைய அளவிலேயே இருந்தால் பெடல் கீழே போய்த்தான் பிடிக்கும். பம்ப் அடித்து ஓடலாம் என்று சமாளிக்க வேண்டாம், மாஸ்ரர் சிலிண்டரையும் சேர்த்துத் தேடுங்கள். ஸ்ரியறிங்கை இரண்டு பக்கமும் முழுதாகத் திருப்பி, அக்சிலைத் தொங்கவிட்டு, பிறேக் ஹோஸ் இழுபடுகிறதா என்றும் பாருங்கள்.

பாவித்த அக்சில் என்றால் வாங்க முதல் டிஃப்பின் கீழ் நட்டைக் கழற்றி ஒயிலைக் கையில் பிடித்துப் பாருங்கள். பால் கலந்த தேத்தண்ணி நிறத்தில் வந்தால் தண்ணி புகுந்த சாமான், விலை எவ்வளவு குறைந்தாலும் விடுங்கள். நக்கிள் உருண்டையைத் துடைத்துப் பாருங்கள், கெட்டிக் கிறீஸுக்குப் பதிலாகக் கறுப்புக் குழம்பு வடிந்தால் உள் சீல் போய் கியர் ஒயில் கிறீஸுக்குள் கலந்திருக்கிறது. இது பெரிய விஷயமில்லை, சீலும் பெயாரிங்கும் மாற்றலாம். ஆனால் கழற்றும்போது நக்கிளின் மேலும் கீழும் இருக்கிற ஷிம் தகடுகளைக் கலந்து போத்தல் மூடியில் போட்டு வைக்கிற பழக்கத்தை விடுங்கள். எது எங்கிருந்து வந்ததோ அங்கேயே போக வேண்டும்.

எல்லாரும் மறப்பது டிஃப்புக்குள் காற்றுப் போய்வருகிற மூச்சுக் குழாய். ஓடிச் சூடான டிஃப், குளம் வான் பாய்கிற இடத்தில் தண்ணிக்குள் இறங்கினால் சட்டென்று ஆறும், உள்ளே காற்றுச் சுருங்கும், மூச்சுக் குழாய் அடைபட்டிருந்தாலோ தண்ணிக்குக் கீழே இருந்தாலோ டிஃப் தண்ணியைத்தான் உறிஞ்சும். புது மொடல் அக்சிலின் குழாய் அந்த வண்டிக்கு அளவெடுத்தது, பழைய வண்டியில் நுனி எங்கேயோ தொங்கிக்கொண்டிருக்கும். நல்ல ஹோஸ் ஒன்றைப் போட்டு பொனற்றுக்குள், பற்றரி உயரத்துக்குக் கொண்டுபோய்க் கட்டுங்கள்.

காப்புறுதிக்காரருக்கு மாற்றத்தைச் சொல்லிவிடுங்கள், விபத்துக்குப் பிறகு அவர்களாகக் கண்டுபிடித்தால் கதை வேறு. பூட்டி முடிந்ததும் முதல் ஓட்டத்தை வெறும் வண்டியாக ஓடுங்கள், நெல் மூட்டை ஏற்ற வேண்டாம். இருநூறு கிலோமீற்றர் போன பிறகு அக்சிலை ஸ்பிரிங்கோடு கட்டுகிற யூ போல்ட் நட் எல்லாவற்றையும் திரும்ப இறுக்குங்கள், புது ஸ்பிரிங் தட்டு அமர்ந்து நட் கட்டாயம் தளர்ந்திருக்கும்.