கன்சோல் ஆட்டம் திணறாமல் ஓட ஒரு கேபிள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புறப் பட்டணங்களில், ஃபைபர் இணைப்புள்ள வீட்டிலும் பிளேஸ்டேஷன் ஆட்டம் திணறுகிறதென்றால், பெரும்பாலும் குறை இணைய வேகத்தில் இல்லை. முன்கூடத்து ரூட்டரின் வைஃபை அலை இரண்டு செங்கல் சுவர்களைத் தாண்டிப் பின்னறைக்கு வருவதற்குள் வலுவிழந்துவிடுகிறது. ஆகவே கூடுதல் பணம் கட்டி வேகமான திட்டத்துக்கு மாறுவதற்கு முன், ஒரு கேட் 6 லேன் கேபிளை (ரூட்டரையும் கன்சோலையும் நேரடியாக இணைக்கும் கம்பி) வாங்கி, ஒரு முனையை ரூட்டரில் செருகி, கதவு நிலையோரமாக இழுத்து, மறுமுனையைக் கன்சோலின் பின்புறத் துளையில் 'டக்' என்று ஒலி கேட்கும்வரை செருகுங்கள். வீட்டுக்குள் எவ்வளவு நீளம் இழுத்தாலும் கவலையில்லை, 100 மீட்டர் வரை அது தாங்கும். கேபிள் இழுக்க வழியே இல்லாதவர்கள் ரூட்டரின் வைஃபை அலைவரிசைகளில் 5 கிகாஹெர்ட்ஸைத் தேர்ந்தெடுக்கலாம். ஆனால் சுவரை ஊடுருவுவதில் அது 2.4 கிகாஹெர்ட்ஸைவிடப் பலவீனமானது என்பதால், ரூட்டரைக் கன்சோல் இருக்கும் அறைக்கே மாற்றுவது நல்லது. ஆட்டத்தில் சர்வரை (இணையவழி ஆட்டத்தை நடத்தும் கணினி) தேர்வுசெய்ய இடமிருந்தால், அருகிலுள்ள சிங்கப்பூரையே எடுங்கள்.