கிளப்புக்கு நிதி கேட்கும்போது எங்கே சறுக்குகிறோம்

ஜூலை, ஆகஸ்டில் கல்லூரிக் கிளப்புகளுக்குப் புதுப் பொறுப்பாளர்கள் வருகிறார்கள். ஆசை நிறைய இருக்கும், கல்லூரி ஒதுக்கும் தொகை கொஞ்சம்தான் இருக்கும். முதல் கூட்டத்திலேயே யாராவது ஒருவர் “வெளியில ஏதாவது கிராண்ட் கிடைக்குமான்னு பார்க்கலாமே” என்பார். சரி என்று எல்லோரும் தலையாட்டுவார்கள்.

நான் படித்த காலத்தில் ஒரு இயற்கை மன்றத்துக்குப் பொருளாளராக இருந்தேன். இப்போது மாணவர் அமைப்புகளின் விண்ணப்பங்களைப் படித்து மேலே அனுப்பும் குழுவில் இருக்கிறேன். இரண்டு பக்கமும் இருந்து பார்த்ததில் எனக்குத் தெரிந்தது இதுதான்: திரும்பி வரும் விண்ணப்பங்களில் யோசனை மோசமாக இருப்பது மிகவும் குறைவு. பணம் கொடுப்பவர் மனதில் ஓடும் ஒரு கேள்விக்கு அவற்றில் பதில் இருக்காது. இந்தப் பணத்துக்கு நாளை யார் பதில் சொல்வார்கள் என்பதே அந்தக் கேள்வி. அறக்கட்டளைக்கு அறங்காவலர்கள் இருக்கிறார்கள், கம்பெனிக்கு இயக்குநர்கள் இருக்கிறார்கள். கிளப்பை நடத்துபவர்களோ மே மாதம் படிப்பை முடித்துப் போய்விடும் இறுதியாண்டு மாணவர்கள். கொடுப்பவர் தயங்குவதில் நியாயம் இருக்கிறது.

பணம் யார் கணக்குக்கு வரும்?

விண்ணப்பத்தின் முதல் வரியை எழுதும் முன்பே முடிவு செய்ய வேண்டியது இது. பல கிளப்புகள் இதைக் கடைசிக்குத் தள்ளிவிடுகின்றன. பெரும்பாலான கிளப்புகள் தனியாகப் பதிவு செய்யப்பட்டவை அல்ல. சட்டத்தின் பார்வையில் அவை கல்லூரியின் ஒரு பகுதி, அவ்வளவுதான். அதனால் தலைவரின் சேமிப்புக் கணக்கையோ செயலாளரின் ஜிபே எண்ணையோ கொடுத்தால் விண்ணப்பம் அங்கேயே முடிந்துவிடும். கல்லூரியின் பெயரில் உள்ள கணக்கு, அதை இயக்குபவரின் பதவி, பொறுப்பாசிரியரின் கையெழுத்து, முதல்வரோ டீனோ எழுதிய பரிந்துரைக் கடிதம் ஆகியவை முதலில் கையில் இருக்க வேண்டும். அலுவலகத்தில் ஒரு கையெழுத்துக்கு ஒரு வாரம்கூட ஆகலாம். கடைசித் தேதிக்கு முந்தின நாள் ஃபைலைத் தூக்கிக்கொண்டு ஓடும் மாணவர்களை ஒவ்வொரு வருடமும் பார்க்கிறேன், மனது கஷ்டமாக இருக்கும்.

கம்பெனிகளின் சி.எஸ்.ஆர். நிதியை, அதாவது சமூகப் பொறுப்புக்கென்று ஒதுக்கும் பணத்தைக் கேட்பவர்கள் செய்யும் தவறும் இதே இடத்தில்தான் வருகிறது. 2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம், 135ஆவது பிரிவின்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேல் பெரிய நிறுவனங்கள் கடந்த மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். “அவங்ககிட்ட பணம் இருக்கு, செலவு பண்ணியே ஆகணும்” என்பது உண்மைதான். ஆனால் யார் மூலம் செலவிடலாம் என்பதற்கும் விதி இருக்கிறது. வெளியமைப்பு ஒன்றின் வழியாகச் செய்தால், அந்த அமைப்பு சி.எஸ்.ஆர்.-1 என்ற படிவத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். 2021 ஏப்ரல் 1 முதல் இது கட்டாயம். வருமான வரித்துறையின் 12ஏ, 80ஜி என்று எல்லோரும் சொல்லிப் பழகிய வரிச்சலுகைப் பதிவுகளும் தேவைப்படும். கிளப்பிடம் இவை எதுவும் இருக்காது, கல்லூரியை நடத்தும் அறக்கட்டளையிடம் இருக்கலாம். முதலில் அங்கே போய்க் கேளுங்கள்.

இன்னொன்று. கலைவிழாவுக்கோ மாரத்தானுக்கோ சி.எஸ்.ஆர். நிதி கேட்டு எழுதாதீர்கள். மாரத்தான், விருது விழா போன்ற ஒருநாள் நிகழ்ச்சிகள் சி.எஸ்.ஆர். செலவாகாது என்று மத்திய அரசு 2014இலேயே சுற்றறிக்கையில் தெளிவாகச் சொல்லிவிட்டது. மேடையில் பேனர் வைத்துப் பெயர் போடுவது ஸ்பான்சர்ஷிப். அதற்கு அதே கம்பெனியின் விளம்பரப் பிரிவைப் பார்க்க வேண்டும். ஒரே கடிதத்தை இரண்டு பிரிவுக்கும் அனுப்பினால் இரண்டிலும் பதில் வராது.

வெளிநாட்டில் இருக்கும் முன்னாள் மாணவர்கள் உதவ முன்வரும்போது இன்னும் கவனம் தேவை. வெளிநாட்டு நன்கொடையைப் பெற 2010ஆம் ஆண்டின் எஃப்.சி.ஆர்.ஏ. சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ வேண்டும். துபாயிலோ கலிஃபோர்னியாவிலோ வேலை பார்க்கும் அண்ணன் இன்னும் இந்தியக் குடிமகனாக இருந்து, தன் சொந்தச் சேமிப்பிலிருந்து முறையான வங்கி வழியில் அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அவரே அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்டிருந்தால், நம் ஊரில் பிறந்தவராகவே இருந்தாலும், அது வெளிநாட்டு நன்கொடை. வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓ.சி.ஐ. அட்டை வைத்திருப்பதால் இது மாறாது. எஃப்.சி.ஆர்.ஏ. பதிவுள்ள ஒரு தொண்டு நிறுவனத்திடம் பணத்தைப் போட்டு அங்கிருந்து வாங்கிக்கொள்ளலாம் என்று சிலர் யோசனை சொல்வார்கள். 2020இல் வந்த திருத்தம் அந்த மாதிரி கைமாற்றுவதைத் தடை செய்துவிட்டது. நல்ல மனதோடு ஒருவர் அனுப்பிய பணத்தால் கல்லூரி சிக்கலில் மாட்டக் கூடாது. அதனால் பணம் வருவதற்கு முன்பே அனுப்புபவரின் குடியுரிமையைக் கேட்டுக்கொள்ளுங்கள். அவரும் தப்பாக நினைக்க மாட்டார்.

இரண்டு நாள்காட்டிகள்

கல்லூரிக்கு வருடம் தொடங்குவது ஜூன் அல்லது ஜூலையில். பணத்துக்கு வருடம் ஏப்ரலில் தொடங்கி மார்ச் 31இல் முடிகிறது. இந்த இரண்டும் பொருந்தாமல் போவதால் வீணாகும் திட்டங்கள் நிறைய. நவம்பர், டிசம்பரில் செமஸ்டர் தேர்வு வரும். அக்டோபர் நடுவிலிருந்து வடகிழக்குப் பருவமழை இருப்பதால் வெளியில் கூட்டிப்போகும் நிகழ்ச்சியை நம்ப முடியாது. ஏப்ரலில் மறுபடி தேர்வு. நிஜமாகவே வேலை நடக்கும் காலம் ஆகஸ்டு, செப்டம்பரும், பொங்கலுக்குப் பிந்தைய எட்டு வாரங்களும்தான். பிப்ரவரி கடைசியில் ஒப்புதல் வாங்கினால் மார்ச் 31க்குள் செலவு செய்து கணக்கும் கொடுத்து முடிக்க வேண்டியிருக்கும். ஆகஸ்டிலேயே எழுதுங்கள். புதுப் பொறுப்பாளர்கள் பதவியேற்பு விழாவுக்குச் செலவிடும் இரண்டு வாரத்தை இதற்குக் கொடுத்தால் அந்த ஆண்டு முழுதும் நிம்மதியாக இருக்கும்.

“விழிப்புணர்வு ஏற்படுத்துதல்”

நோக்கம் என்ற தலைப்பின் கீழ் இளைஞர் மேம்பாடு, சமூக மாற்றம், விழிப்புணர்வு என்று ஒரு பக்கம் வரும். இப்போது ஏ.ஐ. எழுதிக் கொடுப்பதால் நான்கு கிளப்புகளின் பக்கம் ஒரே மாதிரி இருக்கிறது. படிப்பவருக்கு இது உடனே தெரியும். உங்கள் கையில் இருக்கும் ஒரே பலம் உங்கள் ஊரும் நீங்கள் பார்த்த விஷயமும்தான். அதைத் துடைத்துவிட்டு எந்தக் கல்லூரிக்கும் பொருந்தும் வாக்கியங்களை வைக்காதீர்கள்.

ஒரு உதாரணம் பார்க்கலாம். “நீர்நிலைப் பறவைகள் குறித்து மாணவர்களிடையே விழிப்புணர்வு ஏற்படுத்துவது எங்கள் நோக்கம்” என்று ஒரு மன்றம் எழுதுகிறது. இதில் யார், எங்கே, எத்தனை நாள் என்று எதுவும் இல்லை. அதையே இப்படி எழுதலாம்: “ஊருக்கு வெளியே உள்ள ஏரியில் ஜனவரி, பிப்ரவரியில் ஆறு ஞாயிற்றுக்கிழமைகள் 40 மாணவர்கள் பறவைகளைக் கணக்கெடுப்பார்கள். முதல் கணக்கெடுப்பு பொங்கல் பறவைகள் கணக்கெடுப்போடு சேர்ந்து நடக்கும். கிடைத்த பட்டியலைத் தமிழில் கையேடாக அச்சிட்டு, ஏரியைச் சுற்றியுள்ள பள்ளிகளுக்கு 300 பிரதிகள் கொடுப்போம்.” இரண்டாவதைப் படிப்பவர் மனதில் ஏரி தெரிகிறது, கூழைக்கடா தெரிகிறது. கூடவே, வேலை நடந்ததா இல்லையா என்று பின்னால் எண்ணிப் பார்க்கவும் முடியும். பணம் கொடுப்பவருக்கு அது பெரிய தைரியம்.

பட்ஜெட்டில் ஒளிந்திருக்கும் ஓட்டைகள்

அதே பறவைத் திட்டத்தையே எடுத்துக்கொள்வோம். வேன் வாடகை 3,500 வீதம் ஆறு முறைக்கு 21,000 ரூபாய். குறிப்பேடு 60 ரூபாயில் 40 என்றால் 2,400. கையேடு 45 ரூபாயில் 300 பிரதிகள் என்றால் 13,500. காலை டீ, டிஃபன் ஒருவருக்கு 50 ரூபாய், ஆறு நாளுக்கு 12,000. இரண்டு பைனாகுலர் 15,000. மொத்தம் 63,900.

இதைப் “போக்குவரத்து, உணவு, இதரச் செலவுகள்: 65,000” என்று ஒரே வரியில் எழுதுவதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. இதர என்ற சொல் வந்தாலே படிப்பவரின் பேனா அங்கே நிற்கும். எண்ணிக்கையும் விலையும் தனித்தனியாகத் தெரிய வேண்டும், முக்கியமான பொருளுக்கு மூன்று கொட்டேஷன் இணைக்க வேண்டும். கொட்டேஷனில் ஜி.எஸ்.டி. சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். 20,000 ரூபாய் என்று சொன்ன மைக் செட்டுக்கு 18 சதவீதம் வரி சேர்ந்து 23,600க்கு பில் வந்தால் அந்த 3,600ஐ யாரோ ஒரு மாணவர் தன் பையிலிருந்து கட்டுவார்.

பைனாகுலர் போன்ற நீண்டகாலப் பொருளை எல்லோரும் அனுமதிப்பதில்லை. விதிமுறையைப் படியுங்கள். அனுமதி இருந்தால், அதை எந்தத் துறையின் ஸ்டாக் ரெஜிஸ்டரில் பதிவார்கள், யார் பொறுப்பில் இருக்கும் என்று ஒரு வரி சேருங்கள். வீட்டுக்குப் போய்விடாது என்ற உறுதி அந்த ஒரு வரியில் கிடைக்கிறது.

“எப்படியும் பாதியா குறைப்பாங்க, டபுளா கேளு” என்று சீனியர்கள் சொல்வார்கள். கேட்காதீர்கள். வேன் வாடகை என்ன என்று பணம் தருபவருக்கும் தெரியும். ஒரு விலை பொய் என்று தெரிந்தால் மற்ற எல்லா வரியையும் சந்தேகிப்பார். அதைவிட, தொகை குறைந்தால் எதை விடுவோம் என்று நீங்களே எழுதிவிடலாம். பைனாகுலரைக் கல்லூரி விலங்கியல் துறையிடம் இரவல் வாங்குவோம், கையேட்டை 150 பிரதிகளாகக் குறைப்போம், கணக்கெடுப்பு மட்டும் நிற்காது என்று எழுதிய விண்ணப்பத்துக்கு நான் மனமுவந்து கையெழுத்திட்டிருக்கிறேன்.

ஒப்புதலுக்கு முன் செலவு, கையில் இல்லாத பில்

நான் பொருளாளராக இருந்தபோது நடந்ததைச் சொல்கிறேன். ஒரு அமைப்பு எங்கள் முகாமுக்கு நிதி தருவதாக ஃபோனில் சொன்னது. கடிதம் வரும் முன்பே முன்பணம் கட்டிவிட்டோம். ஒரு தோழி ஹாஸ்டல் மெஸ்ஸுக்கு வைத்திருந்த பணத்தை எடுத்துக் கொடுத்தாள். ஒப்புதல் கடிதம் பத்து நாள் கழித்து வந்தது. அந்தத் தேதிக்கு முந்தைய பில்லை ஏற்க மாட்டோம் என்றார்கள். மீதி பில்களிலும் பாதி எங்கள் சொந்தப் பெயரில் இருந்தன, சிலவற்றுக்கு ஜிபே ஸ்கிரீன்ஷாட் மட்டும்தான் இருந்தது. அவளுக்கு அந்தப் பணத்தை நாங்கள் எல்லோரும் சேர்த்துத் திருப்பிக் கொடுக்க நான்கு மாதம் ஆனது. அந்த நான்கு மாதம் அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இன்றும் அதை நினைத்தால் எனக்கு வலிக்கிறது.

அதனால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன். எழுத்தில் ஒப்புதல் வரும்வரை ஒரு ரூபாயும் செலவு செய்யாதீர்கள். பணம் முன்பணமாக வருமா, செலவு செய்து பில் கொடுத்த பின் வருமா என்று முதலிலேயே கேளுங்கள். பின்னால்தான் வரும் என்றால் இடைக்காலத்துக்குக் கல்லூரி அட்வான்ஸ் தருமா என்று பாருங்கள். மாணவர் கைப்பணத்தை நம்பித் திட்டம் போடாதீர்கள். கடைக்குப் போகும்போதே கல்லூரியின் பெயர், முகவரி, ஜி.எஸ்.டி. எண் இருந்தால் அதையும் எழுதிய துண்டுச் சீட்டைக் கொண்டு போங்கள். பில் நிறுவனத்தின் பெயரில் இருக்க வேண்டும், தேதியும் வரிசை எண்ணும் இருக்க வேண்டும். டீக்கடை, ஆட்டோ போன்றவற்றுக்கு வவுச்சர் எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். தெர்மல் காகிதத்தில் வரும் பில்லை அன்றே நகல் எடுங்கள், ஆடிட் வருவதற்குள் எழுத்து மங்கிப்போகும்.

அரசு நிதி என்றால் முடிவில் பயன்பாட்டுச் சான்றிதழ் கொடுக்க வேண்டும். அலுவலகத்தில் யூ.சி. என்பார்கள். மத்திய அரசு மானியங்களுக்கு 2017ஆம் ஆண்டின் பொது நிதி விதிகளில் 12-ஏ என்ற படிவம் இருக்கிறது. மேலே சொன்ன வருமான வரி 12ஏ வேறு, இது வேறு. செலவாகாமல் மிஞ்சிய தொகையையும், பணம் வங்கியில் இருந்த நாட்களுக்கு வந்த வட்டியையும் திருப்பிக் கட்ட வேண்டும். வட்டியை மறந்துவிட்டு கணக்கு முடியாமல் நிற்கும் ஃபைல்கள் உண்டு. யூ.சி. போகாவிட்டால் அடிபடுவது உங்கள் கிளப் மட்டும் இல்லை, அடுத்து விண்ணப்பிக்கும் உங்கள் கல்லூரியின் வேறொரு மன்றமும்தான்.

அடுத்த ஆண்டுக்காரர்கள்

நல்ல பெயர் வாங்கிய கிளப்புகள்கூட மூன்றாம் ஆண்டில் தொலைந்துபோவதற்குக் காரணம், எல்லாமே ஒரு மாணவரின் ஜிமெயிலில் இருப்பதுதான். அவர் வேலை கிடைத்து பெங்களூருக்குப் போய்விடுவார், பணம் கொடுத்தவரின் நினைவூட்டல் கடிதங்கள் அவருடைய பெட்டியிலேயே கிடக்கும். கிளப் பெயரில் ஒரு மின்னஞ்சலைத் தொடங்கி, கடவுச்சொல்லைப் பொறுப்பாசிரியரிடமும் கொடுங்கள். விண்ணப்பத்தின் நகல், ஒப்புதல் கடிதம், பில்கள், யூ.சி., நிகழ்ச்சிப் படங்கள், நிராகரித்தவர்கள் சொன்ன காரணங்கள் எல்லாம் ஒரே ஃபைலில் இருக்கட்டும். பொறுப்பாசிரியர் மாற்றலாகிப் போகிறார் என்றால் அந்த வாரமே கொடுத்தவருக்கு ஒரு கடிதம் எழுதிப் புதியவரின் பெயரைத் தெரிவியுங்கள். இரண்டாம் ஆண்டு மாணவர் ஒருவரைத் துணைப் பொருளாளராக முதல் நாளிலிருந்தே கூட வைத்துக்கொள்ளுங்கள். மார்ச்சில் யூ.சி.யில் கையெழுத்து வாங்க அலுவலகத்துக்குப் போகும்போது அவரையும் அழைத்துப் போங்கள். எந்த மேசைக்கு முதலில் போக வேண்டும் என்பதை அவர் நேரில் பார்க்கட்டும்.