பிள்ளைகளுக்குச் சமூக நூல் வாங்குகிறீர்களா? முதலில் வினைச்சொல்லைப் பாருங்கள்

புத்தகக் காட்சியில் ‘சமூக அறிவு வளரட்டும்’ என்று பெற்றோர் வாங்கித் தருவது பெரும்பாலும் கேள்வி-பதில் தொகுப்புதான். முதல் குடியரசுத் தலைவர் யார், மாநில மரம் எது என்று ஆயிரம் வரி இருக்கும். போட்டித் தேர்வுக்கு அது உதவும். ஆனால் நம் தெருக் குழாயில் இரண்டு நாளைக்கு ஒருமுறை தண்ணீர் வருகிறது, அடுத்த தெருவில் மட்டும் எப்படித் தினமும் வருகிறது என்று பிள்ளை கேட்டால் அதில் பதில் கிடைக்காது. யார் முடிவெடுக்கிறார்கள், யாருக்குக் கிடைக்கிறது, யாருக்குக் கிடைக்காமல் போகிறது, அதை யார் எப்படி மாற்றினார்கள் என்பதைத் தொடுவதுதான் சமூக நூல்.

கீழே உள்ள சோதனைகளுக்கு நூலொன்றுக்குப் பத்து நிமிடம் போதும். கடையில் நின்றபடியே செய்துவிடலாம்.

‘பட்டது’ எத்தனை?

நடுவில் ஏதாவது ஒரு பக்கத்தைத் திறந்து, ‘பட்டது’, ‘படவில்லை’ என்று முடியும் வாக்கியங்களை எண்ணுங்கள். ‘பெண்களுக்குச் சொத்துரிமை வழங்கப்பட்டது.’ ‘சிலர் குளத்தில் தண்ணீர் எடுக்க அனுமதிக்கப்படவில்லை.’ ‘தீண்டாமை ஒழிக்கப்பட்டது.’ மூன்றிலும் செய்தவரைக் காணோம். வழங்கியது யார், கேட்டுப் போராடியது யார், குளத்தங்கரையில் நின்று தடுத்தது யார்? மழை பெய்த மாதிரி எல்லாம் தானாக நடந்ததாகப் பிள்ளை நினைத்துக்கொள்ளும்.

பேச்சுத் தமிழில் நாம் இப்படிப் பேசுவது அரிது. சிறுவர் நூலில் இது அடுத்தடுத்து வந்தால், மொழிபெயர்ப்பு மோசமாக இருக்க வேண்டும்; இல்லையென்றால் எழுதியவருக்கு ஆளைச் சொல்லத் தயக்கம். ஒரு பக்கத்தில் மூன்றைத் தாண்டினால் நூலை வைத்துவிடலாம்.

நல்ல நூலில் இதே செய்தி இப்படி இருக்கும்: ‘அரசமைப்புச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு தீண்டாமையைத் தடை செய்தது. அதற்குப் பிறகும் சில தேநீர்க் கடைக்காரர்கள் இரட்டைக் குவளை வைத்திருந்தார்கள். மக்கள் அதை எதிர்த்துப் புகார் கொடுத்தார்கள்.’ மூன்று வினை, மூன்று எழுவாய். சட்டம் வந்ததும் வேலை முடிந்துவிடவில்லை என்பதும் சொல்லாமலே புரிந்துவிடுகிறது.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. ‘தாழ்ந்த சாதி’ என்று எழுதினால், அவர்கள் தாமாகவே தாழ்ந்தவர்கள் என்று பொருளாகிறது. ‘தாழ்த்தப்பட்ட’ என்றால் தாழ்த்தியவர் ஒருவர் இருக்கிறார் என்பது தெரிகிறது. இங்கே ‘பட்ட’ உண்மையைக் காட்டுகிறது. ‘தாழ்ந்த சாதி’ என்று தன் குரலில் எழுதும் நூலை எந்த வயதுக்கும் வாங்க வேண்டாம்.

மற்ற சொற்களையும் ஒரு நோட்டம் விடுங்கள். ‘ஊமை’, ‘நொண்டி’ என்று எழுதுகிறதா, மாற்றுத்திறனாளி என்று எழுதுகிறதா? திருநங்கை, திருநம்பி என்ற சொற்கள் இருக்கின்றனவா? இளையோர் நூலில் ‘கற்பழிப்பு’ என்று வந்தால், குற்றத்தைப் பெண்ணின் கற்போடு முடிச்சுப் போடுகிற பழைய பார்வை அது. ‘பாலியல் வன்கொடுமை’ என்பதே இன்றைய வழக்கு. ஐம்பது, அறுபது ஆண்டுக்கு முந்தைய எழுத்தின் மறுபதிப்பில் பழைய சொற்கள் இருப்பது வேறு விஷயம். அங்கே எழுதிய ஆண்டும் ஓர் அடிக்குறிப்பும் இருந்தால் போதும்.

எந்த ஆண்டின் உலகம்?

பதிப்பு விவரப் பக்கத்தை நம்பி ஏமாறாதீர்கள். தமிழ்ப் பதிப்புலகில் மறுஅச்சையும் ‘பதிப்பு’ என்றே போடும் வழக்கம் உண்டு. ‘முதற்பதிப்பு 2006, பதினோராம் பதிப்பு 2023’ என்றிருந்தால் உள்ளே 2006-இன் இந்தியாவே இருக்கக்கூடும். ‘திருத்திய பதிப்பு’ என்ற சொல்லைத் தேடுங்கள். அதுவும் இல்லையென்றால் இந்த இடங்களைப் புரட்டுங்கள்:

- இந்தியாவில் 28 மாநிலங்கள், 8 ஒன்றியப் பகுதிகள். 29 மாநிலம் என்றிருந்தால் 2014-க்கும் 2019-க்கும் இடைப்பட்ட நூல். வரைபடத்தில் தெலங்கானா இல்லையென்றால் அதற்கும் முந்தையது.
- தமிழ்நாட்டில் 38 மாவட்டங்கள். 32 என்றிருந்தால் 2019-க்கு முந்தைய தகவல்.
- மக்களவையில் 543 இடங்கள். ஆங்கிலோ இந்தியர் இருவரை நியமிக்கும் முறை 2020-இல் முடிந்துவிட்டது.
- ஒன்றிய அரசின் திட்டக் குழு இப்போது இல்லை. 2015-இல் அதன் இடத்துக்கு நிதி ஆயோக் வந்தது.
- இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதில் 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா நடப்பில் இருக்கிறது.

ஒன்று தவறினால் மன்னிக்கலாம். இரண்டு தவறினால் ஆட்சி, சட்டம் பற்றிய நூலாக அதை வாங்க வேண்டாம். கதை நூலென்றால் இந்தக் கணக்கு தேவையில்லை.

வரலாற்று நூலுக்கு வைக்கம் போராட்டம் நல்ல உரைகல். இன்றைய கேரளத்தில் உள்ள வைக்கத்தில் 1924-இல் தொடங்கிய அந்தப் போராட்டம், ஒடுக்கப்பட்ட சாதியினர் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் நடக்கும் உரிமைக்கானது. கோயிலுக்குள் நுழையும் உரிமையைத் திருவிதாங்கூர் மன்னர் அறிவித்தது 1936 நவம்பர் 12 அன்று. ‘வைக்கம் கோயில் நுழைவுப் போராட்டம்’ என்று எழுதியிருந்தால், செவிவழிக் கேட்டதை எழுதியிருக்கிறார்கள் என்று பொருள். தெருவில் நடப்பதற்கே போராட வேண்டியிருந்தது என்பதுதான் அந்தப் பாடத்தின் சாரம், அதுவே போய்விடுகிறது.

படத்தில் யார் என்ன செய்கிறார்கள்?

அப்பா செய்தித்தாளோடு, அம்மா அடுப்படியில், பாட்டி கதை சொல்லியபடி. இந்தப் படத்தைத் தாண்ட இன்னும் பல நூல்களுக்கு மனம் வரவில்லை. எழுத்தை விட்டுப் படங்களை மட்டும் புரட்டி, வேலை செய்கிறவர் யார், பேசுகிறவர் யார், பார்த்துக்கொண்டு நிற்கிறவர் யார் என்று பாருங்கள். சக்கர நாற்காலியில் இருக்கும் சிறுமி விளையாடுகிறாளா, ஓரத்தில் கைதட்டுகிறாளா? பழங்குடி மக்கள் நடனமாடும்போது மட்டும் வருகிறார்களா?

‘நமக்கு உதவுவோர்’ வகை நூல்களில் கூடுதல் கவனம் தேவை. மருத்துவர், ஆசிரியர், அஞ்சல்காரர் எல்லோரும் வரிசையாக வருவார்கள். தூய்மைப் பணியாளர் பக்கத்துக்குப் போங்கள். கையுறையும் காலணியும் இருக்கின்றனவா? மருத்துவருக்குப் பெயர் வைத்தவர்கள் இவருக்கும் வைத்திருக்கிறார்களா? சாக்கடைக் குழிக்குள் ஆள் இறங்குவதாக வரைந்து, ‘இவருக்கு நன்றி சொல்வோம்’ என்று முடித்திருந்தால், சட்டம் தடுக்கும் ஒன்றுக்கு நன்றி சொல்லக் கற்றுக்கொடுக்கிறது அந்த நூல். பாதுகாப்புக் கருவியின்றி ஆளை இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தண்டனைக்குரிய குற்றமாக்கியிருக்கிறது.

மொழிபெயர்ப்பு நூலில் ‘சர்பஞ்ச்’, ‘தாசில்’ என்று வந்தால் வேறு மாநிலச் சூழலை அப்படியே விட்டிருக்கிறார்கள். கதை அங்கே நடக்கிறதென்றால் தவறில்லை, பிள்ளைக்கு அது வேறு ஊர் என்று தெரிந்தால் போதும். ‘நம் ஊராட்சி’ என்று சொல்லிக்கொண்டே சர்பஞ்சைக் காட்டினால்தான் குழப்பம். நம் ஊரில் அவர் ஊராட்சி மன்றத் தலைவர்.

வயது

பின்னட்டையில் அச்சிட்ட வயதைவிடப் பிள்ளையின் விரல்கள் நம்பகமானவை. ஒரு பக்கத்தை வாய்விட்டுப் படிக்கச் சொல்லி, புரியாத சொல்லுக்கு ஒரு விரல் மடக்கச் சொல்லுங்கள். பக்கம் முடிவதற்குள் ஐந்து விரலும் மடங்கினால் இப்போதைக்குக் கடினம். வரி, ஊராட்சி, நீதிமன்றம் போன்ற துறைச் சொற்களை அந்தப் பக்கத்திலேயே விளக்கியிருந்தால் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

ஐந்து, ஆறு வயதுக்குப் பெரிய எழுத்தில் (18 பாயிண்டுக்குக் குறையாமல்) பக்கத்துக்கு இரண்டு மூன்று வரி போதும். குடும்பம், பகிர்தல், தெரு, சந்தை. துளிகா, தாரா போன்ற சென்னைப் பதிப்பகங்களும் நேஷனல் புக் டிரஸ்டின் நேரு பால புஸ்தகாலயா வரிசையும் தொடங்க ஏற்ற இடம். ‘ஸ்டோரிவீவர்’ தளத்தில் நான்கு படிநிலைகளில் தமிழ்க் கதைகளை இலவசமாக இறக்கி அச்சிடலாம். பலரும் மொழிபெயர்ப்பதால் தமிழ் ஒரே தரமாக இருக்காது, படித்துப் பார்த்துவிட்டு அச்சிடுங்கள். தொடுதல் பாதுகாப்பு பற்றிய நூலும் இந்த வயதிலேயே வேண்டும். ‘உன் மீது தவறில்லை’ என்ற வரி, நம்பும் பெரியவரிடம் சொல்லும் வழி, 1098 என்ற குழந்தைகள் உதவி எண் மூன்றும் அதில் இருக்க வேண்டும். பயமுறுத்தும் படம் இருந்தால் தள்ளிவிடுங்கள்.

எட்டிலிருந்து பன்னிரண்டு வயதுவரைதான் அதிகம் யோசித்து வாங்க வேண்டிய பருவம். பள்ளியில் யாரோ ‘நீங்க என்ன ஆளுங்க?’ என்று கேட்டுவிடுவது பெரும்பாலும் இந்த வயதில்தான். சாதியைப் பற்றி நூல் வேண்டாம் என்று நாம் ஒதுக்கினால், பிள்ளைக்கு முதல் பாடம் அந்தக் கேள்வியாகவே இருந்துவிடும். ‘சாதியெல்லாம் அந்தக் காலம்’ என்று முடிக்கும் நூல் இங்கே உதவாது. பிள்ளை காண்பது வேறாக இருப்பதால் நூலின் மீதே நம்பிக்கை போய்விடும். பள்ளி, கிணறு, விளையாட்டு என்று பிள்ளைக்குத் தெரிந்த இடத்தில் நடக்கும் கதை, அதில் பாதிக்கப்பட்ட சிறுவரே ஏதாவது செய்கிற கதை சரியாக இருக்கும். வெளியிலிருந்து ஒரு நல்லவர் வந்து காப்பாற்றுவதோடு முடிந்தால், அங்கும் வினைச்சொல் வேறொருவர் கைக்குப் போய்விட்டது.

வாழ்க்கை வரலாறுகளை இதே வயதில் அள்ளி வாங்குவார்கள். பிறப்பு, வறுமை, படிப்பு, விருது, இறப்பு என்று ஓடும் நூலில் சமூகம் இருக்காது. மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி பற்றிய நூலென்றால், 1927-இல் சென்னை சட்ட மேலவைக்குப் போனார் என்பதோடு நிற்கிறதா, பெண்களைக் கோயிலுக்கு நேர்ந்துவிடும் தேவதாசி முறையை ஒழிக்க அவர் கொண்டுவந்த முயற்சியை யார் எதிர்த்தார்கள், சட்டமாக 1947 வரை ஏன் இழுத்தது என்று பேசுகிறதா? எதிர்த்தவர்களும் கூட நின்றவர்களும் வராத வாழ்க்கை வரலாறு, நாள்காட்டிப் படம் மாதிரி.

பதினைந்துக்கு மேல் கதையைவிட வாதம் பிடிக்கும். இடஒதுக்கீடு பற்றிய நூலை எடுத்துக்கொள்ளுங்கள். அரசு வேலையில் வகுப்புவாரியாக இடம் ஒதுக்கிய 1921 வகுப்புவாரி ஆணை, வகுப்புவாரி ஒதுக்கீடு செல்லாது என்று தீர்ப்பு வந்த 1951 செண்பகம் துரைராஜன் வழக்கு, அதையடுத்து வந்த முதலாம் அரசமைப்புத் திருத்தம், தமிழ்நாட்டின் 69 சதவீத ஒதுக்கீடு, 2019-இல் பொருளாதாரத்தில் நலிந்தோருக்கு 10 சதவீதம் தந்த 103-ஆம் திருத்தம். இந்த ஐந்தில் குறைந்தது நான்கு இல்லையென்றால் அந்த நூல் ஆதரவோ எதிர்ப்போ, வெறும் முழக்கம்தான்.

பட்டை வரைபடத்தின் செங்குத்து அச்சு எந்த எண்ணிலிருந்து தொடங்குகிறது என்றும் பாருங்கள். 2011 கணக்கெடுப்பில் எழுத்தறிவு கேரளத்தில் 94 சதவீதம், தமிழ்நாட்டில் 80. பட்டைகளை 70-இலிருந்து தொடங்கி வரைந்தால் கேரளத்தின் பட்டை நம்முடையதைப் போல கிட்டத்தட்ட இரண்டரை மடங்கு உயரமாகத் தெரியும். இப்படி வரைந்த நூலையும் வாங்கலாம், தவறைக் கண்டுபிடிக்கும் பயிற்சிக்கு.

காசும் கட்டமைப்பும்

நூலை நடுவில் விரித்துப் பாருங்கள். வெறும் பசையில் ஒட்டிய முதுகு ‘டப்’பென்று வெடித்தால் வகுப்பறையில் ஒரு பருவம்கூடத் தாங்காது. மெல்லிய நூலென்றால் நடுவில் கம்பி பின் அடித்ததும், தடித்ததென்றால் நூல் தையலும் நல்லது. பளபளப்புத் தாள் டியூப்லைட் வெளிச்சத்தில் கண்ணைக் கூசும்.

வகுப்பு நூலகத்துக்கு முப்பது பிரதி வாங்கப் பணம் இருந்தால் முப்பது தலைப்பு வாங்காதீர்கள். பதினெட்டுத் தலைப்பில் ஒவ்வொரு பிரதி, மூன்று தலைப்பில் நான்கு நான்கு பிரதி. நால்வர் ஒரே நூலைப் படித்தால்தான் சண்டை வரும். சமூக நூலுக்கு அந்தச் சண்டை தேவை. வாழ்க்கை வரலாறு ஐந்தைத் தாண்ட வேண்டாம். சென்னைப் புத்தகக் காட்சியில் வழக்கமாகப் பத்து சதவீதம் தள்ளுபடி உண்டு. பள்ளிக்கென்று மொத்தமாகக் கேட்டால் பதிப்பகத்திலேயே இன்னும் குறைப்பார்கள்.

வாங்கியதை ஊரோடு பொருத்துங்கள். ஊராட்சி பற்றிய நூலைக் கிராம சபைக்கு முந்தைய வாரம் கொடுங்கள். தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாள்களில் சபை கூடும். பிள்ளைகள் போய் உட்கார்ந்து, நூலில் இருந்தது நடந்ததா, யார் பேசினார்கள், யார் பேசவே இல்லை என்று குறித்துவரட்டும்.

ஏற்கெனவே அலமாரியில் இருக்கும் பழைய நூல்களைத் தூக்கிப்போட வேண்டியதில்லை. தவறான பக்கத்தில் பாதித் தாள் அளவுக்கு ஒரு சீட்டு ஒட்டி, சரியான தகவலையும் அது மாறிய ஆண்டையும் பிள்ளைகளே எழுதட்டும். ‘திட்டக் குழு, 2015 முதல் இல்லை’ என்று ஐந்தாம் வகுப்புக் கையெழுத்தில் ஒரு சீட்டு இருந்தால், அடுத்து அந்த நூலை எடுக்கிற பிள்ளை மற்ற பக்கங்களையும் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் புரட்டும்.