கண்ணுக்குத் தெரியும் தலைப்பு காதுக்கும் கேட்க வேண்டும்: ஸ்கிரீன் ரீடருக்கு ஏற்ற ஆவணம் தயாரிக்கும் முறை

40 பக்க வேர்டு கோப்பைத் திறந்ததும் நாம் என்ன செய்கிறோம்? மவுஸை உருட்டிக்கொண்டே பெரிய எழுத்துகளை மட்டும் மேய்ந்து, வேண்டிய இடம் வந்ததும் நிற்கிறோம். பார்வையற்றவர்களும் இதையேதான் செய்கிறார்கள். திரையில் இருப்பதைக் குரலில் படித்துக்காட்டும் மென்பொருள்தான் ஸ்கிரீன் ரீடர். என்விடிஏ, ஜாஸ் போன்ற ஸ்கிரீன் ரீடரில் எச் விசையைத் தட்டத் தட்ட அடுத்தடுத்த தலைப்புக்குப் போய்விடலாம். ஆனால் நீங்கள் தலைப்பை வெறுமனே போல்டு ஆக்கி, எழுத்தளவைக் கூட்டி வைத்திருந்தால் அது மென்பொருளுக்குத் தலைப்பே இல்லை, இன்னொரு வரி, அவ்வளவுதான். அந்த வாசகர் 40 பக்கத்தையும் முதல் வரியிலிருந்து கேட்டுக்கொண்டே வர வேண்டியதுதான்.

அதனால் ஒரே ஒரு மாற்றம்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்: தலைப்பில் கர்சரை வைத்து கன்ட்ரோல், ஆல்ட், 1 மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். அது ஹெடிங் 1 என்ற ஸ்டைலுக்கு, அதாவது வேர்டு தலைப்பாகவே அடையாளம் காணும் வடிவத்துக்கு, மாறிவிடும். உட்தலைப்புக்கு 2, அதற்கும் உள்ளே போனால் 3. கூகுள் டாக்ஸிலும் இதே விசைகள்தான். தோற்றம் பிடிக்கவில்லையா, ஸ்டைலின் அமைப்பில் எழுத்துருவையும் நிறத்தையும் மாற்றிக்கொள்ளுங்கள், ஆனால் எழுத்து சிறிதாக அழகாக இருக்கிறது என்பதற்காக 1-லிருந்து நேராக 4-க்குத் தாவாதீர்கள், கேட்பவருக்கு நடுவில் ஏதோ விட்டுப்போனது போல் இருக்கும். பட்டியலும் அப்படித்தான். கையால் கோடு போட்டு எழுதாமல் புல்லட் பொத்தானைப் பயன்படுத்தினால் எத்தனை அம்சங்கள் என்பதையும் ஸ்கிரீன் ரீடர் சொல்லும். இடைவெளிக்காக என்டரைப் பத்து முறை தட்டுவதை விட்டுவிடுங்கள். அத்தனை வெற்று வரியும் காதில் விழும்.

தமிழில் எழுதுகிறவர்கள் கவனிக்க வேண்டிய பெரிய விஷயம் எழுத்துரு. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டிய கோப்புகள் இன்றும் சுற்றிக்கொண்டிருக்கின்றன. திரையில் ‘அம்மா’ என்று அழகாகத் தெரியும், ஆனால் உள்ளே சேமிக்கப்பட்டிருப்பது எம், கே, ஒரு அரைப்புள்ளி, மறுபடி கே, எச் என்ற ஆங்கிலக் குறிகள்தான். ஸ்கிரீன் ரீடர் உள்ளே இருப்பதைத்தான் படிக்கும், அதனால் முழு ஆவணமும் உளறலாக ஒலிக்கும். சந்தேகம் இருந்தால் ஒரு பத்தியைத் தேர்ந்தெடுத்து எழுத்துருவை ஏரியலுக்கு மாற்றிப் பாருங்கள், ஆங்கில எழுத்துகளாக மாறிவிட்டால் அது பழைய குறியாக்கம், இன்றைய பொதுக் குறியாக்கமான யூனிகோடுக்கு மாற்றித் தரும் மாற்றியில் போட்டு எடுத்து ஒருமுறை மெய்ப்பும் பார்த்துவிடுங்கள். அப்புறம், ரிவ்யூ பகுதியில் மொழியைத் தமிழ் என்று குறித்து வையுங்கள். ஸ்கிரீன் ரீடர் சரியான குரலைத் தேர்ந்தெடுக்க அந்தக் குறிப்பு உதவும்.

படங்களுக்கு மாற்று உரை, அதாவது படம் சொல்வதைச் சொற்களில் தரும் குறிப்பு, வேண்டும். படத்தின் மேல் வலது கிளிக் செய்தால் அதற்கான வழி வரும். ‘வரைபடம்’ என்று மட்டும் எழுதுவதால் யாருக்கும் பயன் இல்லை. ‘மூன்று ஆண்டுகளில் சேர்க்கை 120-லிருந்து 310 ஆக உயர்ந்ததைக் காட்டும் வரைபடம்’ என்றால் விஷயம் போய்ச் சேர்ந்துவிடும். அந்தப் படத்தை ஏன் அங்கே வைத்தீர்கள் என்று உங்களையே கேட்டுப் பாருங்கள், அந்தப் பதில்தான் மாற்று உரை. வெறும் அலங்காரப் படம் என்றால் அலங்காரம் என்று குறித்துவிட்டால் போதும். படத்தையும் உரைப்பெட்டியையும் பக்கத்தில் மிதக்க விடாமல் வரியோடு சேர்த்து வையுங்கள், இல்லையென்றால் தவறான இடத்தில் படிக்கப்படும் அல்லது படிக்கப்படாமலே போகும்.

அட்டவணையில் கட்டங்களை இணைக்காதீர்கள், முதல் வரிசையைத் தலைப்பு வரிசையாகக் குறியுங்கள். பக்க அமைப்புக்காக அட்டவணை போடுவதும் வேண்டாம். இணைப்புகளுக்கு ‘இங்கே சொடுக்கவும்’ என்று எழுதினால், இணைப்புகளை மட்டும் பட்டியலாக எடுத்துப் பார்ப்பவருக்கு இருபது ‘இங்கே’தான் கிடைக்கும். ‘விண்ணப்பப் படிவம்’ என்று பெயர் சொல்லியே எழுதுங்கள். ‘சிவப்பில் உள்ளவை கட்டாயம்’ என்பதும் அப்படித்தான், நிறத்தோடு ‘கட்டாயம்’ என்ற சொல்லையும் சேர்த்துவிடுங்கள்.

இவ்வளவும் செய்துவிட்டுக் கடைசியில் பிடிஎஃப் ஆக்கும்போது கோட்டை விடுகிறவர்கள் நிறைய. பிரிண்ட் கொடுத்து பிடிஎஃப் எடுத்தால் நீங்கள் போட்ட தலைப்பும் மாற்று உரையும் பெரும்பாலும் காணாமல் போகும். விண்டோஸ் வேர்டில் சேவ் ஆஸ் வழியாகப் போய், ஆப்ஷன்ஸில் அணுகல்தன்மைக்கான (எல்லோரும் பயன்படுத்த ஏற்றதாக்கும்) டேக் வசதி, அதாவது எது தலைப்பு, எது படம் என்று கோப்புக்குள் குறித்து வைக்கும் வசதி, தேர்வாகியிருக்கிறதா என்று பாருங்கள். தாளை அச்சிட்டுக் கையெழுத்துப் போட்டு ஸ்கேன் செய்து அனுப்பும் பழக்கம்தான் இருப்பதிலேயே மோசம். அது ஒரு புகைப்படம், அதில் படிக்க எழுத்தே கிடையாது. வேறு வழியில்லை என்றால் மூல வேர்டு கோப்பையும் சேர்த்து அனுப்புங்கள்.

வேர்டிலேயே அணுகல்தன்மைச் சரிபார்ப்பு இருக்கிறது, ரிவ்யூ பகுதியில் பாருங்கள். மாற்று உரை விட்டுப்போனதை அது சொல்லும். எழுதிய மாற்று உரைக்குப் பொருள் இருக்கிறதா என்று அதற்குத் தெரியாது. அதனால் என்விடிஏவை நிறுவுங்கள், இலவசம்தான். உங்கள் கோப்பைத் திறந்து இன்செர்ட்டையும் ஸ்பேஸ் பாரையும் சேர்த்து அழுத்தி பிரவுஸ் மோடுக்கு மாறிக்கொள்ளுங்கள், அதில்தான் எச் போன்ற விசைகள் எழுத்தாக விழாமல் தலைப்புக்குத் தாவ உதவும். மானிட்டரை அணைத்துவிட்டு, எச் விசையை மட்டும் வைத்து மூன்றாவது உட்தலைப்பைத் தேடிப் பிடியுங்கள், அங்கிருந்து அட்டவணைக்குள் போய் ஒரு கட்டத்தின் விவரத்தைச் சொல்லிப் பாருங்கள். எந்த இடத்தில் தடுமாறி மானிட்டரைப் போடக் கை போகிறதோ, திருத்த வேண்டிய இடம் அதுதான்.