யூசிஎம்டிபி வினவலில் கணுக்களை இணைப்பது எப்படி?

"நம் சர்வர்கள் எல்லாவற்றையும் பட்டியலிடுங்கள். ஆரக்கிள் தரவுத்தளம் ஓடுகிறவற்றில் அதையும் சேர்த்துக் காட்டுங்கள்" என்றார் மேலாளர். வினவலை எழுதி, பட்டியலை அனுப்பியும் விட்டேன். நாற்பது சர்வர் இருக்க வேண்டிய இடத்தில் பதினொன்றுதான் இருந்தது. தரவில் பிழை எதுவும் இல்லை. நான் போட்ட ஒரே ஒரு அம்புக்குறிதான் மற்ற இருபத்தொன்பதையும் வெளியே தள்ளியிருந்தது. புதிதாகக் கற்பவர்கள் இதில் சிக்காமல் இருக்க, அதே வினவலைத் தொடக்கத்திலிருந்து செய்துகாட்டுகிறேன்.

யூசிஎம்டிபி என்பது முன்பு எச்பி நிறுவனத்திடமும் பிறகு மைக்ரோ ஃபோக்கஸிடமும் இருந்து, 2023 முதல் ஓப்பன்டெக்ஸ்டிடம் உள்ள உள்ளமைவுத் தரவுத்தளம்; சர்வர், மென்பொருள் போன்றவற்றையும் அவற்றுக்கிடையே உள்ள உறவுகளையும் பதிந்து வைப்பது. இதில் வினவலை எழுதுவதில்லை, வரைகிறோம். இந்த வினவலுக்கு டிக்யூஎல் (டோப்பாலஜி க்வெரி லாங்குவேஜ்) என்று பெயர்.

முதலில் மாடலிங் ஸ்டுடியோவைத் திறந்து புதிய வினவல் ஒன்றைத் தொடங்குங்கள். சிஐ (தரவுத்தளத்தில் பதிவாகும் ஒவ்வோர் உருப்படியும் ஒரு சிஐ) வகைகளின் மரத்திலிருந்து நோட், ஐபி அட்ரஸ், ஆரக்கிள் ஆகிய மூன்றையும் வரைபலகைக்கு இழுத்து விடுங்கள். இங்கே ஒரு பெயர்க் குழப்பம் உண்டு. பலகையில் விழும் ஒவ்வொரு பெட்டியும் வினவல் கணு, அதாவது ஆங்கிலத்தில் 'நோட்'. கணினியைக் குறிக்கும் சிஐ வகைக்கும் 'நோட்' என்றே பெயர். அதனால் அந்தப் பெட்டியின் பெயரை உடனே 'சர்வர்' என்று மாற்றிவிடுவது என் வழக்கம்.

அடுத்து, உறவு. சர்வரிலிருந்து ஐபி அட்ரஸுக்கு ஒரு கோடு இழுங்கள். எந்த வகை உறவு என்று கேட்கும். கன்டெய்ன்மென்ட் என்பதைத் தேர்ந்தெடுங்கள். சர்வரிலிருந்து ஆரக்கிளுக்கு காம்போசிஷன். இரண்டையும் 'உள்ளே இருப்பது' என்று பொதுவாகச் சொல்லிவிடலாம், ஆனால் இரண்டும் ஒன்றல்ல. காம்போசிஷனில் பிள்ளையின் அடையாளமே தாயைச் சார்ந்தது. எந்த சர்வரில் ஓடுகிறது என்று தெரியாமல் ஓர் ஆரக்கிளை அடையாளம் காண முடியாது. ஐபி முகவரி அப்படியல்ல. இன்று ஒரு சர்வரில் இருக்கும், நாளை இன்னொன்றுக்கு மாறும். அதனால் அதற்குத் தளர்வான உறவான கன்டெய்ன்மென்டே பொருந்தும். வகையை மாற்றிப் போட்டுவிட்டு விடை வரவில்லையே என்று தேடுபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அம்பின் திசையையும் ஒருமுறை சரிபாருங்கள்: சர்வரிலிருந்து புறப்பட வேண்டும்.

இனி, என் இருபத்தொன்பது சர்வர்கள் காணாமல் போன இடம். சர்வர் கணுவின் பண்புகளைத் திறந்து கார்டினாலிட்டி (எத்தனை இணைப்பு இருக்க வேண்டும் என்ற எண்ணிக்கை) பகுதிக்குப் போங்கள். ஒவ்வோர் உறவுக்கும் குறைந்த அளவு 1, அதிக அளவு நட்சத்திரக் குறி (வரம்பில்லை) என்று தானாகவே நிரப்பப்பட்டிருக்கும். 'குறைந்தது ஓர் ஆரக்கிளாவது உள்ள சர்வர் மட்டும் வரட்டும்' என்பது அதன் பொருள். நாம் வரைந்தது வெறும் கோடு. கருவி அதை நிபந்தனையாக எடுத்துக்கொள்கிறது.

ஆரக்கிள் உறவுக்கான 1-ஐ 0 ஆக மாற்றுங்கள். இப்போது ஆரக்கிள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் சர்வர் வரும், இருந்தால் கூடவே ஆரக்கிளும் வரும். குறைந்த அளவு, அதிக அளவு இரண்டையுமே 0 ஆக்கினால் ஆரக்கிள் இல்லாத சர்வர்கள் மட்டும் மிஞ்சும். காப்புப்பிரதி மென்பொருள் நிறுவப்படாத சர்வர்களைக் கண்டுபிடிக்க இதைவிடச் சுலபமான வழி எனக்குத் தெரியாது. எண்ணை மாற்றுவது சர்வர் பக்கத்தில் என்பதில் கவனமாக இருங்கள். ஆரக்கிள் பக்கத்தில் மாற்றினால், ஓர் ஆரக்கிளுக்கு எத்தனை சர்வர் வேண்டும் என்ற வேறு கேள்விக்கு விடை சொன்னதாகிவிடும்.

ஐபி உறவுக்கும் அதே 1 இருப்பதை மறக்காதீர்கள். முகவரி பதிவாகாத சர்வர்களும் வர வேண்டும் என்றால் அங்கேயும் 0 போட வேண்டும். முகவரி பட்டியலில் தேவையில்லை, நிபந்தனையாக மட்டும் போதும் என்றால், அந்தக் கணுவின் விசிபிள் குறியை எடுத்துவிடுங்கள். கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கணக்கில் இருக்கும்.

இடையில் வேறு கணுக்கள் உள்ள இரண்டை நேராக இணைக்க காம்பவுண்ட் உறவும், பொதுவான பண்பின் மதிப்பை வைத்துப் பொருத்த ஜாயினும் உண்டு. முதல் வாரத்தில் அவை வேண்டாம்.

கடைசியாக, விடையின் எண்ணிக்கையைக் கணக்கிடச் சொல்லுங்கள். கணு வாரியாக எண்ணிக்கை தெரியும். நான் இப்போதெல்லாம் ஒவ்வொரு கோடு போட்ட பிறகும் இதைச் செய்கிறேன். சர்வர் மட்டும் இருக்கும்போது நாற்பது, ஐபி சேர்த்தபின் நாற்பது, ஆரக்கிள் சேர்த்தவுடன் பதினொன்று என்றால், எந்தக் கோட்டைத் திறந்து பார்க்க வேண்டும் என்று அங்கேயே தெரிந்துவிடும்.