கரண்ட் போனால் கடைச் சரக்கைக் காப்பது எப்படி? புதிதாகக் கடை போட்டவர்களுக்கு

செங்கோட்டையில் மே கடைசியிலேயே காற்று ஆரம்பித்துவிடும். ஆரியங்காவுக் கணவாய் வழியாக வருகிற அந்தக் காற்றில்தான் கிழக்கே காற்றாலைகள் சுற்றுகின்றன. அதே காற்றுதான் எங்கள் தெருவில் தென்னை மட்டையைப் பிய்த்துக் கம்பி மேல் போடுகிறது. ஜூன், ஜூலையில் சாரலும் சேர்ந்துகொண்டால் கரண்ட் எப்போது போகும், எப்போது வரும் என்று சொல்ல முடியாது. குற்றாலம் சீசன் வியாபாரம் நடப்பதும் அந்த மாதங்களில்தான்.

என் கடையில் பால், தயிர், மாவு, ஐஸ்கிரீம். பக்கத்தில் மச்சான் கொல்லத்து மீன் விற்கிறார். புதிதாகக் கடை போடுகிறவர்கள் வந்து முதலில் கேட்பது, "அண்ணாச்சி, என்ன ஜெனரேட்டர் வாங்கலாம்?" என்பதுதான். அது கடைசி வேலை. அதற்கு முன்னால் செய்ய வேண்டியவை நிறைய இருக்கின்றன, பாதிக்குக் காசே வேண்டாம்.

1. எது எவ்வளவு நேரம் தாங்கும் என்று எழுதி ஒட்டுங்கள்

கதவைத் திறக்காமல் வைத்தால் சாதாரண ஃபிரிட்ஜ் சுமார் 4 மணி நேரம் குளிர்ச்சியைப் பிடித்து வைக்கும். நிறையச் சரக்குள்ள டீப் ஃபிரீசர் 48 மணி நேரம் வரை உறைநிலையைக் காக்கும், பாதி காலியாக இருந்தால் 24 மணி நேரம். இதெல்லாம் வீட்டுக் கணக்கு. கடையில் முன்பக்கம் கண்ணாடிக் கதவு வைத்த ஃபிரிட்ஜ்தான் இருக்கும், அதையும் ஆள் வந்து வந்து திறப்பார்கள். அதற்கு நான் 2 மணி நேரம்தான் கணக்கு வைத்திருக்கிறேன். பாலும் தயிரும் 5 டிகிரிக்குக் கீழே இருக்க வேண்டும், ஐஸ்கிரீம் மைனஸ் 18-ல். ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் ஒரு தெர்மாமீட்டர் போட்டுவிடுங்கள். கையால் தொட்டுப் பார்த்து "ஜில்லுன்னுதானே இருக்கு" என்பது கணக்கில் சேராது.

2. கப் தண்ணீரில் ஒரு நாணயம்

கடை போட்ட முதல் வருஷம், ஒரு சனிக்கிழமை ராத்திரி கடையைப் பூட்டிவிட்டுப் போன பிறகு கரண்ட் போயிருக்கிறது. காலையில் திறக்கும்போது லைட் எரிந்தது, ஃபிரீசரில் எல்லாம் கல் மாதிரி இருந்தது. நம்பி விற்றேன். பத்து மணிக்கு ஒரு சின்னப் பையன் ஐஸ்கிரீம் கப்பைத் திருப்பிக் கொண்டுவந்தான். உள்ளே பாதிதான் இருந்தது, மேலே பனிக்கட்டி படிந்து, வாயில் வைத்தால் மணல் மாதிரி நறநறவென்று. அப்புறம் பார்த்தால் கோன் எல்லாம் ஒரு பக்கமாக வளைந்து உறைந்திருக்கிறது. ராத்திரி முழுக்க உருகி, விடியற்காலையில் மறுபடி உறைந்த சரக்கு அது. மொத்தத்தையும் கொட்டினேன்.

அன்றிலிருந்து ஃபிரீசரில் ஒரு சின்னக் கப் தண்ணீரை உறையவைத்து, மேலே ஒரு ரூபாய் நாணயத்தை வைத்திருக்கிறேன். காலையில் நாணயம் மேலேயே இருந்தால் சரி. நடுவிலோ அடியிலோ போய் உறைந்திருந்தால் ராத்திரி என்ன நடந்தது என்று யாரையும் விசாரிக்க வேண்டியதில்லை.

3. உப்புத் தண்ணீர் பாட்டில்

ஐஸ்கிரீம் விற்பவர்களுக்கு இது. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 100 கிராம் கல் உப்பு போட்டுக் கரையுங்கள். பாட்டிலில் முக்கால் பங்கு மட்டும் ஊற்றி மூடுங்கள், உறையும்போது தண்ணீர் பெருகும். ஃபிரீசர் ஓரத்திலும் சந்து பொந்திலும் அடுக்கி வைத்துவிடுங்கள். சாதாரண ஐஸ் 0 டிகிரியில்தான் உருகும், அதற்குள் ஐஸ்கிரீம் பாயசமாகிவிடும். உப்புத் தண்ணீர் மைனஸ் 6 டிகிரிக்கும் கீழேயே உருகத் தொடங்கி, உருக உருகச் சூட்டை இழுக்கும். பாட்டிலைக் குலுக்கினால் கெட்டியாக இல்லாமல் கூழ் மாதிரி இருக்கிறதே என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள், அப்படித்தான் இருக்கும். நன்றாகக் குளிர ஒரு நாளாவது ஆகும், அதனால் மேகம் கறுத்த பிறகு செய்தால் பிரயோஜனம் இல்லை.

4. கரண்ட் போன நிமிஷம்

முதலில் மணியைப் பார்த்துச் சுவரில் எழுதுங்கள். "இப்பதான் போச்சு" என்று நினைத்துக்கொண்டே மூன்று மணி நேரம் ஓடிவிடும். பிறகு எல்லா ஸ்விட்ச்சையும் அணையுங்கள். மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்துக்கு 94987 94987-ல் புகார் சொல்லுங்கள், அந்தப் பக்கம் கேரளத்தில் கடை வைத்திருந்தால் 1912.

அடுத்த அரைமணி நேரத்துக்கு வேண்டிய பாலை ஒரே தடவையில் எடுத்து, ஐஸ் போட்ட தெர்மோகோல் பெட்டிக்கு மாற்றுங்கள். இனி ஃபிரிட்ஜைத் திறக்கக் கூடாது. நான் கைப்பிடியில் ஒரு துண்டைக் கட்டிவிடுவேன், பழக்கதோஷத்தில் கை போனாலும் துண்டு நிறுத்தும். ஃபிரீசர் மேல் பழைய கம்பளியைப் போர்த்தலாம், கரண்ட் வந்ததும் எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் மோட்டார் சூடாகும்.

5. மீன் என்றால் ஐஸ்தான், கரண்ட் இல்லை

மச்சான் கடையில் ஃபிரிட்ஜே கிடையாது, கரண்ட் கட்டில் கவலைப்படாமல் உட்கார்ந்திருப்பவர் அவர் ஒருவர்தான். ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ ஐஸ். பார் ஐஸைச் சாக்கில் சுற்றிக் கட்டையால் அடித்து, பொரி மாதிரி நொறுக்கிக்கொள்வார். பெரிய கட்டியாக வைத்தால் மீனைத் தொடுவது ஓர் இடத்தில் மட்டும்தான். அடியில் ஒரு படுகை ஐஸ், மேலே ஒரு வரிசை மீன், மறுபடி ஐஸ், கடைசியில் ஐஸும் ஈரச் சாக்கும். பெட்டியின் மூலையில் ஓட்டை கட்டாயம். உருகிய தண்ணீரில் மீன் ஊறினால் அவ்வளவுதான்.

ஆனால் ஒரு ஆபத்து ஐஸ் பெட்டிக்கும் உண்டு. அந்த ஐஸ் ஃபேக்டரிக்கும் கரண்ட் வேண்டுமே. இரண்டு மூன்று நாள் தொடர்ந்து கட் ஆனால் ஐஸ் கிடைக்காது. மழை வலுத்தால் அவர் முந்தின நாளே இரண்டு பார் கூடுதலாக வாங்கி, உமிக்குள் புதைத்து வைத்துவிடுவார்.

அயலை, சாளை, சூரை மூன்றிலும் கவனம் வேண்டும். குளிர்ச்சி விட்டுப்போனால் இவற்றில் ஹிஸ்டமின் என்கிற பொருள் சேரும். வாடை வராமலேயே சேரலாம், குழம்பில் கொதிக்கவைத்தாலும் போகாது. சாப்பிட்டவருக்கு முகம் சிவந்து உடம்பு அரிக்கும். மூக்கை நம்பி இந்த மீனை விற்காதீர்கள்.

6. கரண்ட் வந்ததும்

உடனே ஸ்விட்ச்சைப் போடாதீர்கள். ஐந்து நிமிடம் பொறுங்கள். வந்த வேகத்தில் திரும்பப் போகும், வோல்டேஜும் ஏறி இறங்கும், கம்பிரசர் அதில்தான் எரியும். தாமத வசதி உள்ள ஸ்டெபிலைசர் இருந்தால் அதுவே பார்த்துக்கொள்ளும். ஃபிரீசர், ஃபிரிட்ஜ் என்று ஒவ்வொன்றாகப் போடுங்கள்.

பிறகு தெர்மாமீட்டரைப் பார்த்துச் சரக்கைப் பிரியுங்கள். பாலில் குளிர்ச்சி லேசாக விட்டிருக்கிறது, ஆனால் நேரம் அதிகமாகவில்லை என்றால், விஷயத்தைச் சொல்லிப் பக்கத்து டீக்கடைக்கு விலை குறைத்துக் கொடுத்துவிடுவேன். அவர் உடனே காய்ச்சிவிடுவார். தயிர் புளிக்கும். மாவுப் பாக்கெட் உப்பியிருந்தால் விற்கக் கூடாது. பன்னீர், கிரீம் கேக் மணிக்கணக்கில் சூட்டில் இருந்திருந்தால் குப்பைக்கு. உருகிய ஐஸ்கிரீமைத் திரும்ப உறையவைத்து விற்கவே கூடாது, என் கதை தெரியும்தானே.

7. இன்வெர்ட்டரா, ஜெனரேட்டரா

12 வோல்ட், 150 ஏஎச் (ஆம்பியர் மணி) பேட்டரி என்றால் காகிதத்தில் 1800 வாட் மணி. இழப்பெல்லாம் போகக் கைக்கு 1100, 1200 வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 200 வாட் ஃபிரீசர் விடாமல் ஓடினால் ஐந்தாறு மணி நேரம். கம்பிரசர் கிளம்பும்போது பல மடங்கு இழுக்கும், அதனால் வீட்டுக் கரண்ட் மாதிரியே சீராகக் கொடுக்கிற சைன் வேவ் இன்வெர்ட்டராக, அந்தத் தொடக்க இழுப்பையும் தாங்கக் கூடியதாகப் பாருங்கள். ஜெனரேட்டரை நாள் முழுக்க ஓட்ட வேண்டாம். நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை ஒரு மணி நேரம் ஓட்டினாலே ஃபிரீசர் தாக்குப்பிடிக்கிறது, பெட்ரோல் மிச்சம். கடைக்கு வெளியேதான் வைக்க வேண்டும். ஷட்டரை இறக்கிவிட்டு உள்ளே ஓட்டினால் புகை ஆளைக் கொல்லும். வெளி லைனைத் துண்டித்து ஜெனரேட்டருக்கு மாற்றுகிற சேஞ்ச்ஓவர் ஸ்விட்ச் இல்லாமல் பிளக்கில் சொருகி ஓட்டினால் கரண்ட் வெளிக் கம்பிக்குப் போய், கம்பத்தில் ஏறியிருக்கும் லைன்மேன் உயிருக்கு ஆபத்து.

மாதாந்திரப் பராமரிப்பு நிறுத்தம் மட்டும் முன்கூட்டியே பேப்பரில் வரும், பெரும்பாலும் காலை 9 மணியிலிருந்து. அந்த நாளுக்கு முந்தின மாலையே ஏஜென்ட்டிடம் சொல்லிப் பாலைப் பாதியாகக் குறைத்துவிடுகிறேன். எட்டரை மணிக்குள் விற்றுத் தீர்ந்துவிடுகிறது.